கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள்

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் வெந்நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். அணுமின் நிலையத்தின் பின்பக்கம், மதிலை ஒட்டி நீண்டு கிடக்கும் தகரக் கொட்டகை அது. இரவு வேலை முடித்தவர்கள் கழற்றிப் போட்ட மஞ்சள் அங்கிகள் மூட்டை மூட்டையாக வாசலில் கிடக்கும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணி. நனைந்துவிட்டால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம் கனக்கும். இயந்திரத்தின் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டு இழுக்கும்போது கிணற்றில் விழுந்தவனைத் தூக்குவதுபோல இருக்கும். ஒன்றின் கை இன்னொன்றின் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பிரித்து, உதறி, தள்ளுவண்டியில் ஏற்றி உலர்த்தப் போடவேண்டும். வெளிச்சம் வருவதற்குள் முதுகில் வேர்வை காய்ந்து உப்பாகியிருக்கும்.

உலர்ந்த பிறகு அளவு மேசை. அங்கியை விரித்துப் போட்டு அதன்மேல் ஒரு கருவியை மெல்ல நகர்த்துவோம். துணியில் ஏதாவது ஒட்டியிருந்தால் சில்வண்டு மாதிரி கத்தும். கத்தினால் மறுபடியும் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் கத்தரித்துப் பையில் கட்டிக் கழிவோடு சேர்த்துவிடவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எப்போதாவதுதான் கத்தும். "உன் மாமியார் கூப்பிடுறாங்க, போ" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வோம். பிறகு அது கத்தாத நாளே இல்லை என்றாகிவிட்டது. அதன்பின் யாரும் கேலி செய்யவில்லை. நிலையத்துக்கு வயதாகிக்கொண்டிருந்தது. எங்கள் காதுக்கு அது தெரிந்தது, அவ்வளவுதான்.

என் கணவரும் இந்த அங்கிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார். நிரந்தர ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரரிடம் கூலி. குழாய் முடுக்குவது, கசிந்த தண்ணீரைத் துடைப்பது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது என்று, யாரும் அதிக நேரம் நிற்கக்கூடாத இடங்களில் போய் நிற்கும் வேலை. அவர் துணியை நிலையத்திலும் நான்தான் துவைத்தேன், வீட்டிலும் நான்தான் துவைத்தேன்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல துவைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பார்.

"கூலி ஒரு எடத்துலதானே வருது" என்பேன்.

ரத்தத்தில் நோய் வந்து போய்விட்டார். எதனால் வந்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். "எதனால வேணும்னாலும் வரலாம்மா" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. அந்த பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. ஒரே மாதிரி சின்ன வீடுகள். நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு மொட்டைமாடி, அதில் துணிக்கொடிகள். அவர் போன பிறகு ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஒரு கொடியில் என் துணி மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. மற்ற வீட்டுத் துணியெல்லாம் அடுத்த கொடிக்குப் போய், ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தது. நான் சலவைக்கூடத்திலிருந்து எதையாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயம். சண்டைக்கு வந்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன், சண்டையில் நான் சளைத்தவள் இல்லை. யாரும் வரவில்லை. படியில் பார்த்தால் சிரித்தார்கள். பிள்ளை பெற்றவர்கள், பயப்படாமல் என்ன செய்வார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து அறைக்குள்ளேயே நாற்காலி முதுகில் காயப்போட்டேன். அறையில் எப்போதும் ஈரவாடை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் முதல் வார்த்தை பேசும்போது குரல் கரகரக்கும்.

பேட்ஜைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டை தருவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். வெளியே வரும்போது ஒரு கருவியில் காட்டவேண்டும். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டவனை 'டோஸ் நிறைஞ்சவன்' என்பார்கள். நிரந்தர ஊழியருக்கு டோஸ் நிறைந்தால் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், சம்பளம் குறையாது. ஒப்பந்தக் கூலிக்கு நிறைந்தால் அன்றோடு வாசல் அடைபடும்.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. உடை மாற்றும் அறையிலேயே பேட்ஜைக் கழற்றி, கொக்கியில் தொங்கும் வீட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். வெளியே வந்து எடுத்து அப்படியே கருவியில் காட்டுவார்கள். கழற்று என்று யாரும் சொன்னதில்லை. புதிதாக வருகிறவனுக்கு, பிரியமுள்ள மூத்தவன் காதோடு சொல்லிக்கொடுப்பான். உள்கதவுக் காவல்காரர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பித் தலையைச் சொறிவார். ஒப்பந்தக்காரரும் அந்தப் பக்கம் வரமாட்டார். என் கணவரும் அப்படித்தான் போய் வந்தார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தான்.

நிலையத்தின் ஆயுளை நீட்டிக்கப்போகிறார்கள் என்ற செய்தி அந்த வருஷம் வந்தது. கட்டும்போது குறித்த காலம் முடிந்துவிட்டது. இன்னும் நெடுங்காலம் ஓட்டலாம் என்று முடிவாம். தெருவில் கலக்கம் பிடித்தது. மாதம் ஒருமுறை நிலையத்தில் அபாயச் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். அதுவரை அந்தச் சத்தம் கேட்டால் குழந்தைகள் கூடவே ஊளையிட்டு விளையாடும். இப்போது தாய்மார்கள் ஓடிப்போய்க் குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள்.

தெருக்காரர்களைக் கூட்டியவள் எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரி. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேசுகிறவள். துணியை அடுத்த கொடிக்கு மாற்றியவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, ப்ளான்ட்டு ஆயுசை நீட்டுறதைப் பத்திக் கூட்டம் வெச்சிருக்கு. அவங்க மேலாளரே வர்றாராம். நாங்க பயம்னு சொன்னா வதந்தின்னு சொல்லிடுவாங்க. நீங்க அண்ணனைப் பத்திச் சொல்லுங்க. நீங்க உள்ள இருக்கிறவங்க."

"உள்ள வந்து உக்காரேன்."

நாற்காலி முதுகில் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தாள். "இல்லக்கா, அடுப்புல வேலை கெடக்கு" என்று போய்விட்டாள்.

மறுநாள் கொழுந்தன் வந்தான். தெருவில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கவேண்டும்.

"அண்ணி, கூட்டத்துல பேசப்போறீங்களாமே? அவங்க எல்லாம் ப்ளான்ட்டை மூடுங்கங்கிற ஆளுங்க. மூடிட்டா நாளைக்கு உலையில என்ன போடுறது, கல்லையா?"

"உன் அண்ணனைப் பத்தித்தான்டா பேசப்போறேன்."

"அண்ணனைப் பத்திப் பேசினா எங்களைப் பத்திப் பேசின மாதிரிதான்."

டீ போட்டுக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

கூட்டம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில், பட்டப்பகலில் நடந்தது. முன்வரிசைகளில் தெருக்காரர்கள். பின்சுவரை ஒட்டி நிலையத்துக் கூலிகள். நடுவில் காலி நாற்காலிகள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

மேலாளர் மெதுவாகப் பேசும் மனிதர். யாரையும் அதட்டவில்லை. பக்கத்தில் ஒப்பந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உலைக்கு வயசாகலைங்க, அனுபவம் ஆகியிருக்கு" என்றார் மேலாளர்.

தையல்காரி எழுந்தாள். "எங்க மாமியாரும் அதைத்தான் சார் சொல்றாங்க. மாடிப்படி ஏறச் சொன்னா மட்டும் ஏறமாட்டேங்கிறாங்க."

சிரிப்பு எழுந்தது. அவள் ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினாள். விபத்து நடந்தால் விழுங்கச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை. "இதுல போட்ட தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சு. மாத்திரைக்கே ஆயுசு முடியுது. உலைக்கு மட்டும் எப்படி சார் நீளுது?"

"புது மாத்திரை அனுப்பச் சொல்றேன்மா."

"அப்படியே புதுக் குழாயும் போடச் சொல்லுங்க. கீழறையில பெரிய குழாய் கசியுதுன்னு ஊரே பேசுது. தண்ணியை வடிச்சு, கதிரைத் தடுக்க ஈயத்தகடு அடிச்சு, குழாயை ஒழுங்கா மாத்தாம, மேல இரும்புப் பட்டி போட்டு இறுக்கி ஓட்டப்போறீங்களாமே?"

"பட்டி போடுறதும் முறைதான். எல்லாம் சோதிச்சாச்சு."

கீழறை என்றதும் நான் எழுந்துவிட்டேன். உலைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் தாழ்ந்த அறை அது. என் கணவர் கடைசியாக வேலை செய்த இடம். குனிந்தபடியே போய், கசிவைத் துடைத்து, முடுக்கிவிட்டு, அடுத்தவனுக்கு வழிவிட்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கீழறையில வேலை பார்த்தாரு. நல்லா இருந்த மனுஷன். ரத்தத்துல நோவு வந்து போயிட்டாரு. அந்த அறையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும் சார்."

 மேலாளர் பின்னால் கணினியோடு உட்கார்ந்திருந்த ஊழியரிடம் ஏதோ கேட்டார். அவர் கணினியில் தேடிக் காட்டினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் பேட்ஜ் என்ன சொல்லுதுன்னா, அவருக்குப் பட்டது ஒன்னுமே இல்லை. வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறவருக்குப் படுறதை விட பெருசா ஒன்னும் அதிகமில்லை. அவர் மட்டுமில்ல, கீழறைக்குப் போன எல்லாருக்குமே அப்படித்தான். அந்தக் கணக்கை வெச்சுத்தான் இந்த உலை இன்னும் நல்லா இருக்குன்னு நாங்க தைரியமா சொல்றோம்."

திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். ஓர் ஆள் விடாமல் எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடக்கூடாது என்று அவர்கள் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனதெல்லாம் சேர்ந்து, இந்த நிலையத்துக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தது. என் கணவரும் அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

"பேட்ஜைப் போடாம போயிருந்தா?" என்று தையல்காரி கேட்டாள்.

"போடாம போகக்கூடாது. அது விதி. போட்டுக்கிட்டுத்தான் போகணும். அப்படி யாராவது கழற்றியிருந்தா அது அவங்க செஞ்ச தப்பு, வேலையை விட்டு நீக்கவேண்டிய தப்பு. அப்படி யாராவது இருக்கீங்களா?" மேலாளர் பின்சுவரைப் பார்த்துக் கனிவாகத்தான் கேட்டார்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தெருக்காரர் ஒருவர் கத்தினார்: "ஊமைப் பசங்க! சோறு போடுதுன்னு ஊரையே விப்பானுங்க!"

"நீங்க வந்து என் வீட்டுக்குச் சோறு போடுறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் திருப்பிக் கத்தியது. நாற்காலிகள் உருண்டன. ஒப்பந்தக்காரர் கையைக் கட்டியபடியே சிரித்தார். ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று கேட்கவா வேண்டும்?

கொழுந்தன் என்னைத் தாண்டி வெளியே போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வந்த நாட்கள்தான் மோசம். தெருவில், மேலாளர் அந்தக் கணக்கைக் காட்ட இடம் கொடுத்துக் கூட்டத்தைக் கெடுத்தவள் என்று பேசினார்கள். சலவைக்கூடத்தில் மற்றப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து வேறு மூலைக்குப் போனார்கள். என்னோடு பேசினால் ஒப்பந்தக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயம். கருவி மட்டும் முன்னைப்போலவே என்னோடு கத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் மூட்டையிலிருந்து ஓர் அங்கியை இழுத்து, அது அடங்கும்வரை துவைத்துக்கொண்டே இருந்தேன். யாருடையதோ. கழிவில் சேர்த்திருக்கலாம். சேர்க்க மனம் வரவில்லை.

ஒப்பந்தக்காரர் அங்கே வந்தார். மூக்கில் கைக்குட்டை.

"ஏம்மா, புருஷன் போனதும் பாவம்னு நினைச்சுத்தானே உன்னை வேலையை விட்டு எடுக்காம வெச்சிருக்கேன்?"

"பாவம்னா வெச்சிருக்கீங்க? நான் இழுக்கிற மூட்டையை நீங்க ஒரு நாள் இழுத்துப் பாருங்க."

"வாய் நீளுது. அந்தத் தையல்காரி சகவாசம்."

"அவ என்கூடப் பேசுறதே இல்லைங்க."

"நல்லது. அப்படியே இரு. உன் கொழுந்தன் புள்ளகுட்டிக்காரன். கீழறைக் கசிவு வேலை திங்கட்கிழமை ஆரம்பிக்குது. அவன் செட்டு ஆளுங்களைத்தான் அனுப்புறேன். நல்ல கூலி. நீ வாயை அடக்கினா அவனுக்கு அடுத்த வேலையும் உண்டு."

அவர் போன பிறகு துணியை விரித்தபடி நின்றேன். அதே அறை, அதே குழாய். அண்ணன் துடைத்த கசிவைத் தம்பி துடைக்கப்போகிறான். பேட்ஜ் சட்டைப் பையில் தூங்கும். வெளியே வந்து காட்டினால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். அப்புறம் எந்த மருத்துவரிடம் போய் நான் என்ன கேட்பது?

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நிலைய வாசலுக்கு எதிரே கூலிகள் டீ குடிக்கும் கீற்றுக் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் அங்கே வருவதில்லை. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கொழுந்தன் எழுந்து, "அண்ணி, இங்க எதுக்கு வந்தீங்க?" என்றான்.

"உக்காருப்பா" என்று ஒரு பெஞ்சைத் தட்டினார் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வந்த பட்டப்பெயர் அது. என் கணவரோடு ஒரே குழுவில் வேலை செய்தவர். "தங்கச்சி வந்திருக்கு. ஒரு டீ சொல்லு. சர்க்கரை தூக்கலா."

நான் டீயைத் தொடவில்லை. கொழுந்தனைப் பார்த்துத்தான் சொன்னேன். "திங்கட்கிழமை நீ கீழறைக்குப் போற. பேட்ஜைப் போட்டுக்கிட்டுப் போ. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"போட்டா ரெண்டு நாள்ல நெறைஞ்சிடும் அண்ணி. அப்புறம் வருஷம் முழுக்க வீட்டுலதான். என் எடத்துல வேற ஒருத்தன் சட்டைப் பையில போட்டுட்டுப் போவான். என்ன மாறிடும்?"

"நீ உசுரோட இருப்ப."

"பட்டினியா."

  டீக்கடைக்காரர் டம்ளரில் கரண்டியால் கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோவால் அமைதி தாங்கமுடியாது.

"ஒருத்தன் போட்டா அவனுக்கு நெறையும்" என்றார் அவர். "எல்லாப் பயலும் போட்டுக்கிட்டுப் போனோம்னு வெச்சுக்கோ, கம்பெனிக்கே நெறைஞ்சிடும்! மேலாளரே வந்து குனிஞ்சு துடைக்கணும். அந்தத் தொப்பைக்கு அங்க குனிய முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெகுநாளைக்குப் பிறகு. சிரிப்பு அடங்கியபோது பேச்சு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏன், நெசமாவே போட்டா என்ன?" என்றான் மூலையில் இருந்த ஒருவன். "விதின்னு அந்த ஆளே மைக்குல சொன்னாரு."

"வேலைநிறுத்தம்னா கேட்டைச் சாத்துவான். விதிப்படி வேலைக்குப் போறவனை என்ன பண்ணுவான்?"

"நெறைஞ்சதும் அனுப்புவான்."

"அனுப்பட்டும். அப்புறம் யாரு போவா? குழாயை வடிச்சு, தகடு அடிச்சு, அறையைச் சுத்தம் பண்ணாம ஒருத்தனும் அங்க ஒழுங்கா வேலை பார்க்க முடியாதுன்னு அவங்க கருவியே சொல்லும்ல? இத்தனை வருஷம் நம்ம கணக்கை வெச்சுத்தானே நல்லா இருக்குன்னு சொன்னாங்க?"

"ஆளுக்கா பஞ்சம்?" என்றான் கொழுந்தன் கசப்போடு. "நம்மை அனுப்பிட்டுத் தெருவுல இருந்து எடுப்பான். மூடு மூடுன்னு கத்தறவங்க வீட்டுப் பசங்களே ஒப்பந்தக்காரர்கிட்டப் பேரு குடுத்து வெச்சிருக்கானுங்க. அண்ணி, அவங்க நமக்காக நிப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? கூட்டத்துல ஊமைப் பசங்கன்னாங்க."

அவன் சொன்னது உண்மை. ஆனாலும் நான் எழுந்தேன். "கேட்டுட்டு வர்றேன்" என்றேன். "யாரும் போயிடாதீங்க."

தையல்காரியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. என் துணியோடு தன் துணி படக்கூடாது என்று நினைத்தவள். உள்ளே வா என்பாளோ மாட்டாளோ என்று யோசிக்க அவளுக்கு நேரம் கொடுக்காமல் நானே உள்ளே போய்த் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பைப் பழக்கத்தைச் சொன்னபோது குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப அன்னிக்கு அவங்க ஏன் பேசலை?"

"பேசினா வேலை போயிடும்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் போகும். ஆனா சேர்ந்து போகும்."

அவள் கால் இயந்திரத்தை மிதிப்பதுபோல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. தைக்கத் துணி எதுவும் இல்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். என் வீட்டுக்காரரே பேரு குடுத்திருக்காரு. நான்தான் குடுக்கச் சொன்னேன். தையல்ல என்ன வருது?" ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "எனக்கு அந்தக் குழாயை நினைச்சுத்தான் தூக்கம் வரலை. அதே குழாய்க்குத்தான் என் புருஷனை அனுப்பப் பார்த்திருக்கேன் பாருங்க."

எழுந்து செருப்பைப் போட்டாள். "வாங்க. எங்க இருக்காங்க அவங்க?"

கொட்டகையில் அன்று நடந்த பேச்சு அழகாக இருக்கவில்லை. முதலில் சண்டைதான் நடந்தது. நிலையத்தை மூடவேண்டும் என்று தையல்காரி சொன்னாள். மூடக்கூடாது என்று கொழுந்தன் சொன்னான். "மூடுறதா ஓட்டுறதான்னு அப்புறம் அடிச்சுக்கலாம். மொதல்ல அந்தக் குழாயை ஒழுங்கா மாத்தாம உலையை மேல ஓட்டக்கூடாது. அதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார் ரேடியோ. யாருக்கும் இல்லை. அவர் பேசி ஒரு விஷயம் முடிவானது அதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள்.

"எங்க தெருவுல இருந்து ஒருத்தர்கூட உங்க எடத்துக்கு வரமாட்டாங்க" என்றாள் தையல்காரி. "வீடு வீடாப் போய் நான் சொல்றேன். மொதல்ல எங்க வீட்டுல."

திங்கட்கிழமை எப்போதும்போல வெந்நீர் கொதித்தது. எப்போதும்போல மூட்டைகள் கிடந்தன. சலவைக்கூடத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகத்தான் துவைத்த அங்கிகளைக் கொடுப்போம்.  கொட்டகையில் சொல்வது வேறு, இங்கே வந்து செய்வது வேறு. ஒருவன் பயந்து சட்டைப் பையில் போட்டுவிட்டால் மற்றவனும் போடுவான்.

முதலில் ரேடியோ வந்தார். அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டார். பேட்ஜை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல், நெஞ்சில் குத்திக்கொண்டார். அடுத்தவன் குத்தினான். அதற்கடுத்தவனும் குத்தினான். கொழுந்தனின் முறை வந்தபோது நான் அங்கியைக் கொடுத்துவிட்டு அவன் கையையே பார்த்தேன். பேட்ஜை விரலில் வைத்துப் புரட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "அண்ணி, இது எந்தப் பக்கம் பார்த்துக் குத்தணும்?" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் குத்தியபடி உள்ளே போனதில்லை.

"தெரியலைடா" என்றேன். பக்கத்தில் நின்றவன் காட்டிக்கொடுத்தான்.

உள்கதவுக் காவல்காரர் தலையைச் சொறியக் கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அதற்குள் யாரோ சொல்லி ஒப்பந்தக்காரர் ஓடிவந்தார்.

"என்னடா இது, பள்ளிக்கூடப் பசங்க மாதிரி எல்லாரும் குத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"விதி மொதலாளி" என்றார் ரேடியோ. "போட்டுக்கிட்டுத்தான் போகணும்னு பெரியவரே சொல்லிட்டாரே."

"ரெண்டு நாள்ல நெறைஞ்சு நடுத்தெருவுல நிப்பீங்க."

"நிக்கிறோம். கணக்கு சுத்தமா இருக்கட்டும்."

"வெளிய ஆளுங்க க்யூவுல நிக்கிறானுங்கடா!"

"போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றான் கொழுந்தன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். கூலிகள் வரும் பின்வாசலுக்கு எதிரே தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. எல்லா வீடும் வரவில்லை. தையல்காரியும் அவள் புருஷனும் முன்னால் நின்றார்கள். அவள் கழுத்தில் அளவுநாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் அந்தப் புருஷனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று.

நான் ஜன்னலை விட்டு வந்து சலவைக்கூடத்துக் கதவைத் திறந்து ஒப்பந்தக்காரர் முன்னால் போய் நின்றேன். இதைக் கொட்டகையில் யாரும் பேசவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே நிற்க என்னால் முடியவில்லை.

"எனக்கும் ஒரு பேட்ஜ் வேணும்."

"சலவைக்காரிக்கு எதுக்கு பேட்ஜ்? நீ எங்க உலைக்குள்ளயா போற?"

"உள்ள போயிட்டு வந்தது எல்லாம் என் கையிலதான் வருது. அந்தக் கருவி எங்களைச் சுத்தித்தான் நாள் முழுக்கக் கத்துது. எங்களுக்கு எவ்வளவுன்னு யாரும் பார்த்ததில்லை."

"அதுக்கு விதியில எடமில்ல."

"அப்ப எழுதச் சொல்லுங்க."

பின்னால் இயந்திரம் நின்றது. யாரோ அணைத்திருக்கிறார்கள். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வேறு மூலைக்குப் போனவர்கள்தான். ஒருத்தி, "எனக்கும்" என்றாள். குரல் எழும்பவே இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஒப்பந்தக்காரர் ஆண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள போங்கடா. இவங்க கதை அப்புறம்."

யாரும் நகரவில்லை. ரேடியோ சுவரோரம் போய் ஓர் அங்கி மூட்டையின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். "அவங்களுக்கும் பேட்ஜ் வரட்டும் மொதலாளி. எங்களுக்கு என்ன அவசரம்? சேர்ந்தே போறோம்."

"மேலாளருக்குப் போன் போடுறேன். எல்லாரையும் இன்னிக்கே துரத்தறேன் பாருங்க."

"போடுங்க. குழாயைப் பத்தியும் அப்படியே கேட்டுடுங்க" என்றான் கொழுந்தன்.

அவர் அலுவலகத்துக்குள் போனார். கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. என்ன பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றே எல்லாரையும் விலக்கலாம், போலீஸ் வரலாம். கீழறையில் அந்தக் குழாய் அப்போதும் கசிந்துகொண்டுதான் இருந்தது.

வெளியே நன்றாக விடிந்துவிட்டது. நிற்க இடம் போதாமல் எல்லாரும் நெருங்கி நின்றோம். ஈரமும் சோப்பும் வேர்வையும் கலந்து அடித்தது. என் தோளில் ஒரு தோள் வந்து அழுத்தியது, அப்படியே நின்றது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.